எலும்பும் கணக்குப் போடும்!



போன மாசம் எங்க வீட்டில் கோழிக் குழம்பு. சாப்பிட்ட பிறகு இரண்டு கால் எலும்புகளைக் கழுவி எடுத்துவைத்தேன். ஒன்றை வினிகரில் ஊறப்போட்டேன். இன்னொன்றை அடுப்புத் தணலில் சுட்டேன். (அம்மாவிடம் திட்டும் வாங்கினேன்!)

ஒரு வாரம் கழித்துப் பார்த்தால், வினிகரில் ஊறிய எலும்பு ரப்பர் மாதிரி வளைந்தது. அமிலம் அதிலிருந்த கால்சிய உப்புகளைக் கரைத்துவிட்டது. மிச்சம் இருந்தது கொலாஜன் என்ற புரத நார். சுட்ட எலும்பிலோ நார் எரிந்துபோய் உப்பு மட்டும்தான் மிச்சம். விரலால் அழுத்தியதும் நொறுங்கிப்போச்சு.

ஆக, இரண்டும் சேர்ந்தால்தான் எலும்பு! கம்பி கட்டி கான்கிரீட் போடுகிறார்களே, அதே தத்துவம்தான். அழுத்தத்தை உப்பு தாங்கும். இழுவிசையை நார் தாங்கும்.

ஆனால் கான்கிரீட் போட்டது போட்டபடி இருக்கும். எலும்புக்கு உயிர் உண்டு. ஒருவகைச் செல்கள் பழைய எலும்பை அரித்து எடுக்கும்; இன்னொரு வகைச் செல்கள் புதிதாகக் கட்டும். சுமை எங்கே அதிகமோ அங்கே அதிகம் கட்டும். இதைப் பற்றி ஜெர்மனி நாட்டு அறுவை மருத்துவர் ஜூலியஸ் உல்ஃப் 1892-இல் ஒரு புத்தகமே எழுதினார்.

டென்னிஸ் வீரர்களுக்கு மட்டை பிடிக்கும் கையின் எலும்பு மற்ற கையைவிடத் தடிமனாக இருக்கும். விண்வெளியிலோ எலும்புக்குச் சுமையே இல்லை. அங்கே இடுப்பு எலும்பு மாதத்துக்கு 1 முதல் 1.5 சதவீதம் வரை குறையக்கூடும். அதனால்தான் விண்வெளி வீரர்கள் தினமும் சுமார் 2 மணி நேரம் உடற்பயிற்சிக்கு ஒதுக்குகிறார்கள்.

சரி, இதனால் நமக்கு என்ன? வாழ்நாளுக்கு வேண்டிய எலும்பில் பெரும்பகுதி 20 வயதுக்குள்ளேயே சேர்ந்துவிடும். வயதாக ஆக, சேர்ப்பதைவிடச் செலவுதான் அதிகம். அதுவும் பெண்களுக்கு மாதவிடாய் நின்ற பிறகு வேகமாகக் குறையும். எங்க பாட்டி போன வருசம் வாசலில் வழுக்கி விழுந்தார். சின்ன வழுக்கல்தான். இடுப்பு எலும்பு முறிந்து மூன்று மாசம் படுக்கை. இன்னும் கம்பு ஊன்றித்தான் நடக்கிறார்.

தோழிகளே, பி.டி. பீரியடில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து கதை பேசாதீர்கள். கயிறு தாண்டுங்கள், கோ-கோ ஆடுங்கள். குதித்து ஓடுவது எலும்புக்கு ரொம்ப நல்லது. பாலும் கேழ்வரகும் கீரையும் கால்சியம் தரும்.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு பணிவான வேண்டுகோள்: பி.டி. பீரியடைக் கணக்குப் பாடத்துக்கு எடுத்துக்கொள்ளாதீர்கள். விட்டுப்போன கணக்கை மறுநாள்கூடப் போட்டுவிடலாம். இந்த வயதில் சேராத எலும்பைப் பிறகு சேர்ப்பது கஷ்டம்!

– 9-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி