விரல் வைத்து வாசி

"டீச்சர், போன் அப்பாகிட்ட இருக்கு. ராத்திரி எட்டு மணிக்குத்தான் வருவாங்க."

2020 ஜூனில், பக்கத்து வீட்டுப் போனிலிருந்து என் இரண்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி சொன்னது இது. மும்பை தாராவியில் ஒரு தமிழ்வழி ஆரம்பப் பள்ளியில் அப்போது நான் ஆசிரியை. பள்ளிகள் மார்ச் மத்தியிலேயே மூடியாயிற்று. ஏப்ரல் 1-ஆம் தேதி தாராவியில் முதல் கொரோனா நோயாளி கண்டறியப்பட்டார். அதன்பின் பல குடும்பங்கள் திருநெல்வேலிப் பக்கம் சொந்த ஊருக்கே போய்விட்டன.

ஜூலையில் மத்திய அரசின் 'பிரக்யாதா' வழிகாட்டி வந்தது. எட்டாம் வகுப்பு வரை, நாளொன்றுக்கு 30 முதல் 45 நிமிட வகுப்புகள் இரண்டுக்கு மேல் கூடாது என்றது. எங்கள் கவலையோ வேறு. வீட்டுக்கு ஒரே போன்; அதுவும் அப்பாவின் சட்டைப்பையில்!

ஆகவே பள்ளியை இரவுக்கு மாற்றினேன். எட்டரை மணிக்கு வாட்ஸ்அப்பில் பாடத்தைப் பேசி அனுப்புவேன். பிள்ளைகள் ஒரு பக்கம் வாசித்துக் குரலைப் பதிவு செய்து அனுப்ப வேண்டும். ஊரிலிருந்து வரும் பதிவில் சேவல் கூவும். தாராவிப் பதிவில் குக்கர் விசில் கேட்கும். அந்த மாணவி மட்டும் தடங்கலே இல்லாமல் வாசிப்பாள். "சபாஷ்" என்று பதில் போடுவேன்.

2021 டிசம்பர் 15 அன்று மும்பையில் ஆரம்ப வகுப்புகள் திறந்தன. அவள் இப்போது மூன்றாம் வகுப்பு. புதிய பக்கம் ஒன்றைக் காட்டி வாசிக்கச் சொன்னேன். என் முகத்தையே பார்த்தாள். பிறகு மெல்ல, "அக்கா ஒரு தடவை சொல்லணும் டீச்சர், அப்புறம் நான் சொல்லிடுவேன்" என்றாள்.

ஒன்றரை வருடமாக அவள் காதால்தான் வாசித்திருக்கிறாள்! குழந்தை என்னை ஏமாற்றவில்லை. குரலை மட்டும் கேட்டு மார்க் போட்டவள் நான்தான். அன்றே 'அ'விலிருந்து தொடங்கினோம்.

2022 ஜனவரியில் மறுபடி பள்ளி மூடியபோது நான் குரல் பதிவு கேட்கவில்லை. தினம் ஐந்து பிள்ளைகளை வீடியோவில் அழைத்து, "விரல் வைத்து வாசி" என்றேன். அவள் முறை வந்தபோது புத்தகத்துக்கு நேரே போனைப் பிடித்திருந்தவள் அதே அக்காதான், வாயை இறுக மூடிக்கொண்டு. சிறு விரல் எழுத்தெழுத்தாக நகர்ந்தது. ஒரு வரி முடிய இரண்டு நிமிடம் ஆயிற்று. அந்த ஒரு வரி அவளுடையது.

வெளியூர்களில் வாழும் நம் வீட்டுப் பேரப்பிள்ளைகளும் தமிழ்ப் பாட்டை அழகாக ஒப்பிக்கிறார்கள். கைதட்டுங்கள், அப்படியே அவர்கள் விரலையும் ஒருமுறை பாருங்கள்.