பலாக்காய்க்கு இரண்டு நட்சத்திரம்! - நிருபர் வேலையை விட்டு பாங்காக்கில் அடுப்பு மூட்டிய கரிமா அரோரா

பலாக்காய் நறுக்குவது லேசுப்பட்ட வேலை இல்லை. கையிலும் அரிவாள்மனையிலும் எண்ணெய் தடவிக்கொள்ள வேண்டும். மறந்தால், அதன் பால் பிசினாக ஒட்டிக்கொண்டு அன்றைக்கு முழுக்க விடாது. தோலைச் சீவி, துண்டு போட்டு, மஞ்சள்தூள் சேர்த்து வேகவைத்து, தேங்காயும் சீரகமும் அரைத்துப் போட்டுப் புரட்டி இறக்கினால் பொரியல் ரெடி.

மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில் இருக்கிற பிளவக்கல் தொடங்கி வத்திராயிருப்பு, ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வரை இது யாரும் பெருமையாகச் சொல்லிக்கொள்கிற சாப்பாடு கிடையாது. விருந்தாளி வந்தால் கோழி அடிப்பார்கள், மட்டன் எடுப்பார்கள். பலாக்காய் பொரியலை வைத்து யாரும் விருந்து போட மாட்டார்கள்.

ஆனால், தாய்லாந்தின் தலைநகர் பாங்காக்கில் ஓர் உணவகம் போடுகிறது. அதன் பெயர் 'கா'. பிஞ்சுப் பலாக்காயை நெருப்பில் சுட்டு, ரொட்டி, ஊறுகாய் வகைகளோடு பரிமாறுவது அங்கே பிரபலமான அயிட்டம். உணவக உலகின் மிகப்பெரிய கௌரவமான மிஷ்லின் நட்சத்திரம், இந்த உணவகத்துக்கு இன்று இரண்டு இருக்கிறது. அதை நடத்துகிற கரிமா அரோரா, மும்பையில் வளர்ந்த பஞ்சாபிப் பெண். இரண்டு மிஷ்லின் நட்சத்திரம் வாங்கிய முதல் இந்தியப் பெண் ஷெஃப்.

பிரான்ஸில் படித்து, டென்மார்க்கில் வேலை பார்த்து, தாய்லாந்தில் கடை போட்டவர் கரிமா. இதில் எதுவுமே அவருடைய ஊர் இல்லை, அவருடைய வீட்டுச் சமையலும் இல்லை. அப்படியிருந்தும் எப்படி ஜெயித்தார்?

செய்தி எழுதியவர், சமைக்கப் போனார்

1986-ல் பிறந்த கரிமாவுக்கு சமையல் ஆசை வந்தது அப்பாவிடமிருந்து. பெரும்பாலான வீடுகளில் அம்மா கைப்பக்குவம் பற்றித்தான் பேசுவார்கள். கரிமாவின் வீட்டில் அப்பாவும் அடுப்படியில் நிற்பார். வெளிநாடு போய்விட்டு வந்தால், அங்கே சாப்பிட்டதை வீட்டில் செய்து பார்ப்பார். அக்கம்பக்கத்தில் யாரும் கேள்விப்படாத உணவுகளை அப்படித்தான் ருசி பார்த்து வளர்ந்தார் மகள்.

படித்தது என்னவோ ஊடகம். மும்பை ஜெய்ஹிந்த் கல்லூரியில் படிப்பை முடித்து, மருந்துத் துறை செய்திகளை எழுதும் நிருபராக வேலைக்குச் சேர்ந்தார். சில மாதங்கள்தான். பிறகு வேலையை விட்டுவிட்டு, 21 வயதில் பாரீஸுக்குக் கிளம்பிவிட்டார்.

அங்கே அவர் சேர்ந்த 'லு கோர்தோன் ப்ளூ', 1895-ல் தொடங்கப்பட்ட சமையல் பள்ளி. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, 1949-ல் ஜூலியா சைல்ட் என்ற அமெரிக்கப் பெண் இதே பள்ளியில் சேர்ந்து பிரெஞ்சுச் சமையல் கற்றார். பிறகு அதைப் புத்தகமாகவும் டி.வி நிகழ்ச்சியாகவும் அமெரிக்க வீடுகளுக்குக் கொண்டு போனார். அந்நிய மண்ணின் சமையலைக் கற்று, அதையே தொழிலாக்கிய பெண்களின் வரிசை ரொம்ப நீளம்.

கோபன்ஹேகனில் கிடைத்த பாடம்

படிப்பு முடிந்ததும் துபாயில் கார்டன் ராம்சேயின் உணவகத்தில் வேலை. அடுத்து, டென்மார்க் தலைநகர் கோபன்ஹேகனில் இருக்கிற 'நோமா'.

2010 முதல் 2012 வரை தொடர்ந்து மூன்று ஆண்டுகள் 'உலகின் சிறந்த உணவகம்' என்று தேர்வான இடம் நோமா. அப்போது அதன் ஷெஃப்பாக இருந்த ரெனே ரெட்செபியும் ஒரு வகையில் குடியேறியின் பிள்ளைதான். அவருடைய அப்பா மாசிடோனியாவிலிருந்து டென்மார்க்குக்குப் பிழைக்க வந்தவர்.

நோமாவின் கொள்கை எளிமையானது. அந்த மண்ணில், அந்தப் பருவத்தில் கிடைப்பதை வைத்துச் சமைக்க வேண்டும். காட்டில் பறித்த கீரை, கடற்கரையில் முளைத்த செடி, புளிக்கவைத்த காய் என்று எதையும் விட மாட்டார்கள். குளிர் நாட்டில் வருடத்தில் பாதி நாள் பச்சைக்காய் கிடைக்காது. அதனால் புளிக்கவைப்பது, உலர்த்துவது, ஊறப்போடுவது எல்லாம் அங்கே பெரிய கலை.

யோசித்துப் பார்த்தால், இதெல்லாம் நம் வீடுகளுக்கும் தெரிந்ததுதான். மோர் மிளகாய், வற்றல், வடகம், இட்லி மாவு, பழைய சோறு என எல்லாமே வெயிலையும் நேரத்தையும் நம்பிச் செய்பவை. ஒரே வித்தியாசம், நோமாவில் 'இது ஏன் புளிக்கிறது, எத்தனை மணி நேரத்தில் ருசி மாறுகிறது' என்று குறிப்பெடுத்துப் பார்ப்பார்கள். நம் வீடுகளில் அது பாட்டியின் கையிலும் மூக்கிலும் இருக்கும். சமையல் கை வேலை மட்டுமில்லை, மூளை வேலையும்கூட என்பதை நோமாவில்தான் கற்றதாகப் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார் கரிமா.

நடக்காமல் போன மும்பைக் கடை

2015-ல் கரிமா பாங்காக்குக்கு வந்தபோது, அங்கேயே தங்கிவிடும் திட்டம் அவருக்கு இல்லை. கொல்கத்தாவில் பிறந்து பாங்காக்கில் புகழ்பெற்ற ஷெஃப் ககன் ஆனந்த், மும்பையில் ஓர் உணவகம் தொடங்கத் திட்டமிட்டிருந்தார். அதைக் கரிமாவிடம் ஒப்படைப்பதாக ஏற்பாடு. அதற்கு முன் ககனின் சமையலறையில் கொஞ்ச காலம் பயிற்சி எடுப்பதற்காகத்தான் வந்தார்.

மும்பைத் திட்டம் கைகூடவில்லை. ஊருக்குத் திரும்பிப்போக இருந்த காரணமே இல்லாமல் போனது. முப்பது வயதில், மொழி தெரியாத நகரத்தில், கையில் இருந்த திட்டம் கலைந்துபோன நிலையில், அங்கேயே கடை போடும் முடிவை எடுத்தார். 2017 ஏப்ரலில், ககனின் உணவகத்துக்கு எதிரிலேயே 'கா' திறக்கப்பட்டது.

காய் அவர்களுடையது, பக்குவம் நம்முடையது

வெளிநாட்டில் இந்தியர்கள் கடை போட்டால் பட்டர் சிக்கன், நான், பிரியாணி என்றுதான் பட்டியல் இருக்கும். மசாலா எல்லாம் ஊரிலிருந்து மூட்டையில் வரும். கரிமா அந்த வழியில் போகவில்லை. நோமாவில் கற்ற பாடப்படி, தாய்லாந்து மண்ணில் விளைவதை வாங்கினார். அதைச் சுடுவது, ஊறுகாய் போடுவது, தாளிப்பது என்ற பக்குவத்தை மட்டும் இந்தியாவிலிருந்து எடுத்துக்கொண்டார்.

இதில் ரிஸ்க் அதிகம். இந்தியச் சாப்பாடு தேடி வருகிறவருக்குப் பழகிய குழம்பு இருக்காது. தாய் சாப்பாடு தேடி வருகிறவருக்கும் அது தாய் சாப்பாடாகத் தெரியாது. இரண்டு பக்கமும் ஆள் வராமல் போக எல்லா வாய்ப்பும் இருந்தது.

அந்த இடத்தில்தான் பலாக்காய் கைகொடுத்தது. பலா இந்தியாவுக்கும் பொது, தாய்லாந்துக்கும் பொது. வட தாய்லாந்தில் 'கேங் கனூன்' என்று பிஞ்சுப் பலாக்காயில் குழம்பே வைக்கிறார்கள். இரண்டு ஊர்க்காரர்களுக்கும் தெரிந்த காய், இரண்டு ஊர்க்காரர்களும் பார்த்திராத விதத்தில் தட்டில் வந்தது.

2018 நவம்பரில் 'கா'வுக்கு முதல் மிஷ்லின் நட்சத்திரம் கிடைத்தது. அதற்கு முன் எந்த இந்தியப் பெண் ஷெஃப்பும் அதை வாங்கியதில்லை. அடுத்த ஆண்டே 'ஆசியாவின் சிறந்த பெண் ஷெஃப்' விருது. இந்திய உணவு மரபுகளைத் தேடிப் பதிவு செய்ய 'ஃபுட் ஃபார்வர்டு இந்தியா' என்ற அமைப்பையும் 2019-ல் தொடங்கினார்.

பிறகு கொரோனா வந்தது. உலகம் முழுக்க உணவகங்கள் மூடிக் கிடந்த காலம். சுற்றுலாப் பயணிகளை நம்பியிருந்த பாங்காக்குக்குப் பலத்த அடி. 'கா', பழைய பாணி தாய் வீடு ஒன்றுக்கு இடம் மாறி மறுபடி எழுந்தது. 2023 டிசம்பரில் இரண்டாவது நட்சத்திரம் வந்தது. அதே ஆண்டில் 'மாஸ்டர்செஃப் இந்தியா' நிகழ்ச்சியில் நடுவராகவும் இந்திய டி.வி-யில் வலம் வந்தார். இப்போது இன்னொரு திருப்பமும் நடந்திருக்கிறது. டெல்லி அருகே குருகிராமில், தாய் உணவுகளுக்காக 'பாங்' என்ற உணவகத்தைத் தொடங்கியிருக்கிறார். இந்தியப் பக்குவத்தைத் தாய்லாந்துக்குக் கொண்டு போனவர், தாய் ருசியை இந்தியாவுக்குக் கொண்டுவருகிறார்.

அதென்ன மிஷ்லின் நட்சத்திரம்?

மிஷ்லின் என்பது பிரான்ஸின் டயர் கம்பெனி. கார் வைத்திருப்பவர்கள் ஊர் சுற்றினால்தானே டயர் தேயும்? அதற்காக 1900-ல் ஒரு பயணக் கையேட்டை வெளியிட்டார்கள். நாளடைவில் அதில் வந்த உணவகப் பட்டியல் டயரைவிடப் பிரபலமாகிவிட்டது.

ஒரு நட்சத்திரம் என்றால், அந்த வழியாகப் போனால் நின்று சாப்பிடலாம். இரண்டு என்றால், வழியை விட்டு விலகிப் போயும் சாப்பிடலாம். மூன்று என்றால், அந்தச் சாப்பாட்டுக்காகவே தனியாகப் பயணம் போகலாம். சோதிக்க வருகிறவர்கள் யாரென்று கடைக்காரருக்குத் தெரியாது. சாதாரண வாடிக்கையாளர்போல வந்து, சாப்பிட்டு, பில் கட்டிவிட்டுப் போய்விடுவார்கள்.

முன்னே நடந்தவர்கள்

கரிமாவுக்கு முன்பே இந்தப் பாதையில் நடந்த பெண்கள் உண்டு. அதில் இரண்டு பேர் நமக்குப் பக்கத்து மண்ணைச் சேர்ந்தவர்கள்.

ஹைதராபாத்தில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ராஜி ஜல்லேபள்ளி, படித்தது நுண்ணுயிரியல். சமையல் பள்ளிக்கே போகாதவர், மெம்ஃபிஸ் நகரில் உணவகம் தொடங்கி, பிரெஞ்சுச் சமையலையும் இந்திய மசாலாக்களையும் இணைத்தார். இரண்டும் சேரவே சேராது என்று நினைத்த காலத்தில் அமெரிக்காவின் முக்கியமான ஷெஃப்களில் ஒருவராகப் பேசப்பட்டார். 2002-ல் மறைந்தார்.

இன்னொருவர் இலங்கையில் பிறந்த சார்மெய்ன் சாலமன். கரிமாவைப் போலவே இவரும் பத்திரிகையாளர். 1959-ல் ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்தார். கணவர் இசைக் கலைஞர் என்பதால் இரவு முழுக்க வேலை. தனியாக இருந்த இரவுகளில் விதவிதமாகச் சமைத்துப் பார்க்க ஆரம்பித்தார். 1976-ல் அவர் எழுதிய ஆசியச் சமையல் புத்தகத்தைப் பார்த்துத்தான் பல ஆஸ்திரேலியக் குடும்பங்கள் சீன, ஜப்பானிய, தாய், இந்தியச் சமையலைக் கற்றுக்கொண்டன.

நம்ம ஊர் அடுப்படிக்கு வருவோம்

வீட்டில் மூன்று வேளையும் சமைப்பது பெண்கள். ஆனால், சமையலுக்குச் சம்பளம் என்று வந்துவிட்டால் அங்கே நிற்பது பெரும்பாலும் ஆண்கள். கல்யாண வீட்டில் 'மாஸ்டர்' என்றால் ஆண்தான். காய் நறுக்கவும், தேங்காய் துருவவும், பாத்திரம் கழுவவும் பெண்கள் வருவார்கள்; அவர்களுக்குக் கூலியும் குறைவு. 'பொம்பளைப் பிள்ளைக்குச் சமையல் தெரியணும்' என்று சொல்கிற அதே வீட்டில், 'கேட்டரிங் படிக்கப் போறேன்' என்று மகள் சொன்னால் முகம் மாறும். ராத்திரி வேலை, வெளியூர், ஆண்கள் கூட்டம் என்று காரணங்கள் வரிசை கட்டும்.

அந்தப் பயத்தில் நியாயமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. பெரிய உணவகங்களின் சமையலறை என்பது 12 மணி நேரத்துக்கும் மேலே நின்றுகொண்டே பார்க்கும் வேலை. தீக்காயம், வெட்டுக்காயம் சகஜம். கரிமாவும் அந்த வரிசையில் நின்றுதான் வந்திருக்கிறார். ஒரு நாட்டில் கற்று, அடுத்த நாட்டில் உழைத்து, முதல் நட்சத்திரம் வாங்க பாரீஸ் போனதிலிருந்து பத்து ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

இந்தத் துறையில் ஆசை இருக்கிறவர்களுக்குப் பாரீஸ்தான் வழி என்றில்லை. சென்னை தரமணியில் மத்திய அரசின் ஹோட்டல் மேலாண்மைக் கல்வி நிறுவனமும், திருச்சி துவாக்குடியில் மாநில அரசின் ஹோட்டல் மேலாண்மை நிறுவனமும் இருக்கின்றன. ஆங்கிலத்தை ஒரு பாடமாக எடுத்து ப்ளஸ் டூ முடித்தவர்கள், என்.சி.எச்.எம் - ஜே.இ.இ நுழைவுத்தேர்வு எழுதி இளநிலைப் பட்டப்படிப்பில் சேர முடியும்.

வெளியூர்க்காரர் கைப்பக்குவம் நமக்கு எதற்கு என்று கேட்பவர்கள், ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவை நினைத்துக்கொள்ளலாம். பாலையும் சர்க்கரையையும் கைவிடாமல் கிளறி எடுக்கிற இந்த இனிப்புக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊரின் பெயரைச் சொன்னாலே ஆண்டாளுக்கு அடுத்து நினைவுக்கு வருவது அதுதான். ஆனால், அதை இந்த ஊருக்குக் கொண்டுவந்தது வடக்கிலிருந்து பிழைக்க வந்தவர்கள் என்று ஊரில் ஒரு கதை உண்டு. இன்றைக்கு யாரும் அதை வெளியூர் இனிப்பு என்று சொல்வதில்லை.

அடுத்த முறை மார்க்கெட்டில் பலாக்காயைப் பார்த்தால் ஒன்று வாங்கி வாருங்கள். பொரியலே போதும். நறுக்கும்போது மகளையோ மகனையோ பக்கத்தில் உட்கார வையுங்கள். எண்ணெய் தடவ மட்டும் மறந்துவிடாதீர்கள்!