விரிதாளில் நேரக் கழித்தல்

எக்செல் போன்ற விரிதாள் மென்பொருள்கள் தேதியையும் மணியையும் வழக்கமான வடிவில் கட்டத்தில் காட்டினாலும், உள்ளே அவற்றை எண்ணாகவே வைத்திருக்கின்றன. 1900 ஜனவரி 1ஆம் நாளை 1 எனக் கொண்டு நாளொன்றுக்கு ஒன்றாக ஏறிச்செல்லும் இவ்வெண் தொடரெண் எனப்படும். உப்புச் சத்தியாகிரகத்துக்காக ராஜாஜி தலைமையில் தொண்டர்கள் திருச்சிராப்பள்ளியிலிருந்து புறப்பட்ட 1930 ஏப்ரல் 13 விரிதாளுக்கு 11061. அவர்கள் வேதாரண்யம் வந்துசேர்ந்த ஏப்ரல் 28 அதற்கு 11076. கழித்தால் வருவது 15. ஆனால் புறப்பட்ட நாளும் சேர்ந்த நாளும் உட்பட எண்ணினால் 16 நாள் ஆகும். கழித்தல் இடைவெளியை மட்டுமே தருவதால், நாட்கூலிக் கணக்கு எழுதுவோர் ஒன்றைக் கூட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

மணி என்பது விரிதாளுக்கு நாளின் பின்னம்: காலை 6 மணி 0.25, நண்பகல் 0.5. சிக்கல் நள்ளிரவில் தொடங்குகிறது. ஆறுகாட்டுத்துறையிலிருந்து இரவு 10 மணிக்குக் கடலுக்குப் போன பைபர் படகு மறுநாள் காலை 7.30க்குக் கரை திரும்பினால், தேதியில்லாமல் மணியை மட்டும் எழுதிய கணக்கில் 0.3125இலிருந்து 0.9167 கழிக்கப்பட்டு விடை எதிரெண்ணாகிறது. எதிர்மறை நேரத்தைக் காட்டும் வழியின்றி எக்செல் கட்டத்தை வேலிக்குறிகளால் நிரப்பிவிடுகிறது. மறுநாளைக் குறிக்க விடையுடன் 1 கூட்டினால் 0.3958 கிடைக்கும். 1ஆல் வகுத்து மீதி காணும் ‘மாட்’ என்னும் சார்பு இதைத் தானே செய்வதோடு, பகல் நேரக் கழித்தலின் விடையை மாற்றாமலும் விடுவதால், இரவுக்கும் பகலுக்கும் ஒரே சூத்திரம் போதும். ஆயினும் படகு ஒரு நாளுக்கு மேல் கடலில் தங்குமானால் இம்முறை பொய்த்துவிடும் என்பதால், தேதியையும் மணியையும் சேர்த்தே எழுதுவதுதான் நம்பத்தக்க வழி.

கிடைத்த பின்னத்தை 24ஆல் பெருக்கினால் ஒன்பதரை மணி. 1440ஆல் பெருக்கினால் 570 நிமிடம். நாளொன்றுக்கு 60 நாழிகை என்ற பழங்கணக்குப்படி 60ஆல் பெருக்கினால் இருபத்துமூன்றே முக்கால் நாழிகை. எந்த அலகிலும் கேட்டுப் பெறலாம் என்பதே நாளை அடிப்படையாகக் கொண்ட இவ்வமைப்பின் பெருஞ்சிறப்பு.

கூட்டும்போதும் ஓரிடத்தில் கவனம் வேண்டும். இத்தகைய மூன்று பயணங்களைக் கூட்டினால் இருபத்தெட்டரை மணி ஆக வேண்டும். ஆனால் சாதாரண மணி வடிவம் முழு நாளை விட்டுவிட்டு மிச்சத்தை மட்டும் காட்டுவதால் கட்டத்தில் 4:30 என்றே தெரியும். உள்ளிருக்கும் எண்ணில் பிழையில்லை. வடிவக் குறியீட்டில் மணியைக் குறிக்கும் எழுத்தைச் சதுர அடைப்புக்குள் இட்டால் 28:30 என முழுமையாகத் தெரியும்.