ராத்திரி வலை எப்போது இறங்குகிறது?

நம் ஆரணிக்குக் கடல் கிடையாது. ஊரை ஒட்டிப் போகும் கமண்டல நாகநதிக்கு உண்டு. அது செய்யாற்றில் சேர்கிறது. செய்யாறு திருமுக்கூடலில் பாலாற்றோடு கலக்கிறது. பாலாறு கல்பாக்கத்துக்குத் தெற்கே வயலூர்ப் பக்கம் வங்கக் கடலைத் தொடுகிறது. தொடுவதெல்லாம் 2021 நவம்பர் போல வெள்ளம் வரும் வருடங்களில்தான். மற்ற நாட்களில் அங்கே மணல்தான் கிடக்கிறது. எனவே ஆறும் கடலும் கலக்கும் இடத்தில் ராத்திரி மீன் பிடிப்பதைப் பற்றிப் பேச வேண்டுமானால் பழவேற்காட்டுக்குத்தான் போக வேண்டும். அங்கே வந்து சேரும் ஆரணியாறு நம்முடையது அல்ல. அது ஆந்திரத்திலிருந்து பிச்சாட்டூர், ஊத்துக்கோட்டை, பொன்னேரி வழியாக வருகிறது. பெயரை வைத்துச் சொந்தம் கொண்டாட முடியாது.

நம்மைப் போன்ற நெசவு ஊர்க்காரர்களுக்குப் பழவேற்காட்டோடு வேறு ஒரு உறவு உண்டு. டச்சுக்காரர்கள் அங்கே 1613இல் கெல்டிரியா கோட்டையைக் கட்டியதற்கு முக்கியக் காரணம் துணி. இந்தக் கரையின் தறிகளில் நெய்த துணி அங்கிருந்துதான் கப்பலேறியது. இன்று அந்த ஊர் இறாலுக்கும் நண்டுக்கும் பேர்போனது.

படகு, இருட்டு, தலையில் விளக்கு, வலை நிறைய மீன் என்று கைபேசியில் வரும் காட்சிகளைப் பார்த்து, நாமும் ஒரு ராத்திரி போய்வரலாமே என்று நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். அந்தக் காட்சிகளில் விட்டுப்போவது தண்ணீரின் ஓட்டம். இருட்டிவிட்டது என்பதற்காக யாரும் படகை எடுப்பதில்லை. ஓட்டத்தைப் பார்த்துத்தான் எடுக்கிறார்கள்.

நம் கிழக்குக் கரையில் கடல் ஒரு நாளைக்கு இரண்டு தடவை ஏறி, இரண்டு தடவை வற்றுகிறது. நேற்று ஏறிய நேரத்தைவிட இன்று ஏறக்குறைய 50 நிமிடம் பிந்தி ஏறும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றமும் வற்றமும் பெரிதாக இருக்கும். அஷ்டமி வாக்கில் இரண்டும் சிறுத்துவிடும். சென்னைக் கரையில் பெரிய ஏற்றம் என்றாலும் ஒரு மீட்டரைச் சுற்றித்தான் இருக்கும். கேட்க அற்பமாகத் தோன்றும். ஆனால் பழவேற்காடு ஏரியின் பெரும்பகுதியில் தண்ணீரே ஓர் ஆள் ஆழம் கிடையாது. அவ்வளவு அகலமான, ஆழமில்லாத ஏரியில் நிரம்பிய தண்ணீர் ஒரு குறுகலான முகத்துவாரம் வழியாகத் திரும்ப வேண்டும். வாய்க்கால்களில் அப்போது பிடிக்கிற இழுப்பில்தான் மீன்பிடிப்பே நடக்கிறது.

அமாவாசை நாளில் இந்தக் கரையில் ஏற்றம் உச்சத்தைத் தொடுவது காலையிலும் இரவிலும் ஏறக்குறைய எட்டு, ஒன்பது மணிக்கு. அப்படியானால் வற்றம் இரவு ஒன்பதுக்கு மேல் தொடங்கி விடியற்காலை இரண்டு, மூன்று மணி வரை ஓடும். ஏரியின் உள்பக்கத்தில் இன்னும் பிந்தும். நல்ல இருட்டும் பலமான வற்றமும் ஒரே நேரத்தில் வாய்ப்பதால்தான் அமாவாசையை ஒட்டிய இரவுகளுக்கு அங்கே அவ்வளவு மதிப்பு. பௌர்ணமியிலும் ஓட்டம் அதே பலத்தோடு இருக்கும், ஆனால் நிலா வெளிச்சத்தில் இறால் அவ்வளவாக வெளியே வராது.

இறால் ஏன் இருட்டில் கிளம்புகிறது என்பதற்கு அதன் பிழைப்பையே பார்க்க வேண்டும். வெள்ளை இறால் முட்டையிடுவது கடலில். குஞ்சுகள் ஏற்றத்தோடு முகத்துவாரம் வழியாக உள்ளே வந்து, உப்பு குறைந்த, இரை மிகுந்த ஏரியில் சில மாதங்கள் வளர்கின்றன. பகலில் பெரும்பாலும் சேற்றில் பதுங்கிக் கிடக்கின்றன. கொக்கு, நாரை, பெரிய மீன் எல்லாவற்றுக்கும் அது தீனி அல்லவா? வளர்ந்ததும் திரும்பக் கடலுக்குப் போக வேண்டும். அந்தப் பயணத்தை இருட்டில், வற்றத்தின் இழுப்போடு வைத்துக்கொள்கிறது. அதிகம் நீந்த வேண்டியதில்லை, தண்ணீரே கொண்டுபோய் விட்டுவிடும். அந்தப் பாதையில்தான் மனிதன் வலை கட்டுகிறான்.

வாய்க்காலின் குறுக்கே கழிகளை ஊன்றி, அவற்றில் வலையைக் கட்டி, ஓட்டத்துக்கு எதிரே பை போல வாயைத் திறந்து வைப்பார்கள். வற்றம் ஓட ஓட இறால் தானாக வந்து பையில் விழும். ஓட்டம் தணிவதற்குள் வலையைத் தூக்கிவிட வேண்டும். ஆழமில்லாத இடங்களில் மோட்டார் உதவாது; கோலை ஊன்றித் தள்ளித்தான் படகை ஓட்ட வேண்டும். மற்ற வலைகளுக்கு வேறு கணக்கு. மடவைக்கும் கொடுவாவுக்கும் செவுள் வலை. பகலிலோ நிலவிலோ மீனின் கண்ணில் வலை பட்டுவிடும் என்பதால் அதையும் இருட்டில் விடுகிறார்கள். இருட்டிலும் ஒரு சங்கடம் உண்டு. சில பருவங்களில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் தண்ணீரில் பெருகி, அலைந்தால் நீலமாக ஒளிரும். 2019 ஆகஸ்டில் சென்னைக் கடற்கரைகளில் ஜனங்கள் திரண்டு வேடிக்கை பார்த்தது இதைத்தான். வேடிக்கை பார்ப்பவருக்கு அது அழகு. வலை விட்டவருக்கு அது நஷ்டம், ஏனென்றால் வலையே ஒளிர்ந்து மீனை எச்சரித்துவிடும்.

விளக்கைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். வலையைப் பிரிக்க, நண்டின் கொடுக்கைக் கட்ட, கையில் ஒரு விளக்கு வைத்துக்கொள்வது வேறு. பெரிய விளக்குகளைத் தண்ணீர்மேல் எரியவிட்டு மீனைக் கூட்டி அள்ளுவது வேறு. கடலில் இரண்டாவதை மத்திய அரசு 2017இல் தடை செய்தது. பெரிதும் சிறிதும் ஒன்றாக அள்ளப்படுவதால், சின்னப் படகுக்காரருக்கு மிஞ்ச எதுவும் இருக்காது.

யார் எங்கே வலை கட்டலாம் என்ற கேள்விதான் எனக்கு எல்லாவற்றையும்விடச் சுவாரசியமாகப் படுகிறது. முகத்துவாரத்துக்கு அருகே இறால் நன்றாக விழும் இடங்கள் சிலவே, ஆட்களோ அதிகம். கோட்டைக்குப்பம், ஆண்டிகுப்பம், நடூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களின் மீனவர்கள் இதற்குப் ‘பாடு’ என்ற முறையை வைத்திருக்கிறார்கள். இடங்களைப் பிரித்து, குலுக்கிப் போட்டு, முறை வைத்து மாறி மாறிப் பிடிப்பார்கள். நம் ஊர்ச் சீட்டுக் குலுக்கல் மாதிரிதான், இங்கே சீட்டில் விழுவது ஒரு ராத்திரிக்கான தண்ணீர். ஒருவருக்கு நல்ல இடம் வாய்த்தால் அடுத்த முறை அது இன்னொருவருக்குப் போய்விடும். இலங்கையில் நீர்கொழும்பு கடலேரியிலும் இதே போன்ற குலுக்கல் உண்டு; அதை அந்நாட்டு அரசு 1958இல் விதியாகவே எழுதிவைத்தது.

‘பாடு’ முறையைப் புகழ்ந்து எழுதுபவர்கள் ஒன்றை எளிதாக மறந்துவிடுகிறார்கள். பட்டினவர் சமூகத்தின் தலைக்கட்டுகளுக்குள்தான் அந்தப் பங்கு சுற்றி வருகிறது. ஏரியை நம்பிப் பிழைக்கும் மற்ற சமூகத்தாருக்கு அதில் இடம் இல்லை. இருளர்கள் ஆழமில்லாத இடங்களில் இறங்கி, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கிறார்கள். உள்ளே இருப்பவர்களுக்கு ஒழுங்கான முறை, வெளியே நிற்பவர்களுக்கு அது பூட்டிய கதவு. இந்த வழக்கம் பல தடவை சண்டையாகவும் மாறியிருக்கிறது.

முறை, விதி எல்லாம் இருந்தும், முகத்துவாரம் அடைபட்டுவிட்டால் ஒன்றும் நடக்காது. கோடையில் ஆற்றுத் தண்ணீர் நின்றதும் கடல் மணலைக் கொண்டுவந்து வாயில் குவிக்கிறது. ஏற்றம் உள்ளே வருவது குறைகிறது, குஞ்சுகள் நுழைய வழி இல்லை, ஏரித் தண்ணீர் காய்ந்து உப்பு ஏறுகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் வெள்ளம் வந்து உடைத்துவிட்டால்தான் மறுபடி ஓட்டம் பிடிக்கும். தூர்வாரித் திறந்து வைக்கச் சொல்லி மீனவர்கள் வருடக்கணக்காகக் கேட்டு வந்தது இதனால்தான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலம் விசைப்படகுகளுக்கு. துடுப்புப் படகில் போகிறவரை அது கட்டுப்படுத்தாது. அவரைக் கட்டுப்படுத்துவது மணல்.

இனி, போய்வரலாமா என்ற கேள்விக்கு வருவோம். 2011 டிசம்பர் 25 அன்று பழவேற்காட்டில் உல்லாசப் பயணம் போன படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அதன்பின் அங்கே சுற்றுலாப் படகுச் சவாரி தடை செய்யப்பட்டது. அப்படியிருக்க, யாராவது ஒரு படகுக்காரரிடம் காசு கொடுத்து ராத்திரி ஏறிக்கொள்வது அவரையும் வழக்கில் மாட்டிவிடும் வேலை. ஏரியில் ஆழமில்லையே என்று தைரியம் கொள்ளவும் கூடாது. முகத்துவாரத்தில் வற்றத்தின் இழுப்பு நீந்தத் தெரிந்தவரையும் கடலுக்குள் கொண்டுபோய்விடும். இருட்டில் கரை எந்தப் பக்கம் என்றுகூடத் தெரியாது. அங்கேயே பிறந்தவர்களும் காற்று மாறினால் கிளம்புவதில்லை.

பார்க்க ஆசைப்படுபவர்கள் அமாவாசைக்கு மறுநாள் விடியற்காலை பழவேற்காட்டுக் கரைக்குப் போய் நில்லுங்கள். பொன்னேரியிலிருந்து ஏறக்குறைய 20 கிலோமீட்டர்தான். ராத்திரி ஓட்டத்தில் விழுந்த இறாலும் பச்சை நண்டும் படகிலிருந்து இறங்கும். அங்கேயே வாங்கலாம், பிடித்தவரிடமே பேசலாம். கரையோரம் எங்கேயாவது படகு தத்தளிப்பதைப் பார்த்தால் நீங்கள் தண்ணீரில் இறங்க வேண்டாம். கடலோரக் காவல் படைக்கு 1554, கடலோரப் பாதுகாப்புக் காவல் குழுமத்துக்கு 1093 என்ற எண்களில் உடனே தகவல் சொல்லுங்கள்.