தண்டவாளத்தில் நடப்பவர்

காலையில் ரயிலில் போகும்போது, தோளில் சுத்தியலும் ஸ்பேனருமாகத் தண்டவாளத்தில் நடந்துபோகும் ஒருவரைப் பார்த்திருப்பீர்கள். அவர்தான் கீமேன். தன் பகுதிக்குள் வரும் சில கிலோமீட்டர் பாதையைத் தினமும் நடந்தே சோதிப்பவர். தளர்ந்த கிளிப்பை அடித்து இறுக்குவார், கழன்ற போல்ட்டை முடுக்குவார், வெல்டிங் இணைப்புகளில் விரிசல் இருக்கிறதா என்று பார்ப்பார். குளிரில் இரும்பு சுருங்கி வெல்டிங் விடலாம். கடும் வெயிலிலோ தண்டவாளமே நெளிந்துவிடலாம். உள்ளுக்குள் மறைந்திருக்கும் விரிசலைக் கண்டுபிடிக்க அல்ட்ராசோனிக் கருவி வந்துவிட்டது. ஆனாலும் தினசரிக் காவல் இவருடைய கண்தான்.

பாதை உடைந்திருந்தால்? சிவப்புக் கொடியைக் காட்டிக்கொண்டே ரயில் வரும் திசையில் ஓடுவார். அகலப் பாதையில், உடைந்த இடத்திலிருந்து 600 மீட்டரில் ஒரு டெட்டனேட்டரைத் தண்டவாளத்தின் மேல் பொருத்துவார். 1,200 மீட்டரில், பத்துப் பத்து மீட்டர் இடைவெளியில் இன்னும் மூன்று. சக்கரம் ஏறியதும் அவை பெருஞ்சத்தத்துடன் வெடிக்கும். டிரைவர் உடனே வண்டியை நிறுத்துவார். மூடுபனியிலும் காது கேட்குமே!

தண்டவாளம் உடைந்திருப்பதை நீங்கள் பார்த்தாலும், அருகிலுள்ள கேட்கீப்பரிடமோ ஸ்டேஷன் மாஸ்டரிடமோ உடனே சொல்லுங்கள். ரயில்வே உதவி எண் 139.