காரச் சாஸும் கர்வமும்

நாம் நம்பும் அரசியலை மட்டம் தட்டி எழுதியவருக்கு எவ்வளவு காரச் சாஸ் ஊற்றிக் கொடுப்போம்? ஹாலி மெக்கிரெகர் குழுவினர் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களிடம் இதைச் சோதித்தார்கள். ஆய்வு 1998இல் வெளியானது. சிலரைத் தங்கள் சாவைப் பற்றி எழுதச் சொன்னார்கள்: உடலுக்கு என்ன நேரும், நினைத்தால் மனம் என்ன பாடுபடுகிறது என்று. மற்றவர்கள் வரப்போகும் தேர்வைப் பற்றி எழுதினார்கள். பிறகு ருசிச் சோதனை என்று சொல்லிக் கோப்பையையும் சாஸையும் கையில் கொடுத்தார்கள். அதைச் சாப்பிடப்போகிறவருக்குக் காரம் ஆகாது, ஊற்றியதை அவர் முழுக்கச் சாப்பிட்டாக வேண்டும் என்பதும் மாணவர்களுக்குத் தெரியும். சாவை நினைத்தவர்கள், தங்கள் தரப்பைத் திட்டியவருக்குத் தாராளமாக ஊற்றினார்கள். அவரைப் பற்றிக் கருத்துச் சொல்ல முதலிலேயே வாய்ப்புக் கிடைத்தவர்களோ வாயால் தாக்கியதோடு சரி; சாஸைக் கூட்டவில்லை.

இந்தச் சோதனைக்கு அடிப்படை, எர்னஸ்ட் பெக்கர் 1973இல் எழுதிய நூலிலிருந்து பிறந்த ஒரு கோட்பாடு. சாகப்போகிறோம் என்று தெரிந்தே வாழும் மனிதனுக்கு, தன் நம்பிக்கைகளும் தன்மதிப்பும்தான் கவசம். அதைத் தொட்டால் சீறுகிறான்.

அப்படியென்றால் தன்மதிப்பை ஏற்றிவிட்டால் வன்மம் அடங்குமா? பிராட் புஷ்மேனும் ராய் பாமைஸ்டரும் அதே 1998இல் இதற்கு விடை தேடினார்கள். மாணவர்கள் எழுதிய கட்டுரையைப் படுமோசம் என்று சொல்லிவிட்டு, அப்படிச் சொன்னவரின் காதில் இரைச்சலைப் பாய்ச்சும் பொத்தானைக் கொடுத்தார்கள். தன்மதிப்பு கூடுதலா குறைவா என்பதால் பெரிய வித்தியாசம் இல்லை. தன்னைப் போல் யாருமில்லை என்று நினைக்கும் சுயமோகிகள்தான், அவமானப்பட்டதும் மிகக் கடுமையாகத் தாக்கினார்கள்.

சாவு நினைப்பின் விளைவை முழுதாக நம்பிவிடவும் கூடாது. அந்தக் கோட்பாட்டின் அடிப்படைச் சோதனைகளில் ஒன்றைப் பல ஆய்வகங்கள் சேர்ந்து திரும்பச் செய்தபோது, 2022இல் வெளியான முடிவில் அந்த விளைவு தென்படவில்லை. கர்வம் பற்றிய ஆய்வுகளே எனக்கு உறுதியாகப் படுகின்றன.

நெதர்லாந்தில் எடி பிரம்மல்மான் குழு 565 குழந்தைகளைப் பின்தொடர்ந்து 2015இல் வெளியிட்ட ஆய்வைப் பெற்றோர் கட்டாயம் அறிய வேண்டும். ‘என் பிள்ளை மற்ற பிள்ளைகளைவிட உசத்தி’ என்று பெற்றோர் கருதிய வீடுகளில் சுயமோகம் வளர்ந்தது. அன்பு காட்டிய வீடுகளில் தன்மதிப்பு வளர்ந்தது. பிள்ளையைத் தூக்கிவைத்துப் பேசுவதைக் குறையுங்கள்; பக்கத்தில் உட்கார்ந்து பேசும் நேரத்தைக் கூட்டுங்கள்.