பளபளப்பை எடை போட்டு வாங்குங்கள்

தீவில் போட்டோ பேப்பர் வாங்குவோருக்கு: உரிமை, ஆபத்து, தீர்வு

போட்டோ பேப்பர் கட்டு கைக்கு வந்ததும், பிரிக்காமல் அப்படியே பக்கத்து மளிகைக் கடைக்கு எடுத்துப் போங்கள். மின்தராசில் வையுங்கள். ஏ4 அளவு, 20 தாள், 180 ஜிஎஸ்எம் என்று கட்டின் மேல் அச்சிட்டிருந்தால் தாள்கள் மட்டுமே 225 கிராம் இருக்க வேண்டும். உறையும் அட்டையும் அதற்கு மேல். உறையோடு சேர்த்தும் தராசு 190 காட்டினால், உங்களிடம் விற்கப்பட்டது 180 ஜிஎஸ்எம் பேப்பர் இல்லை.

கணக்கு எளிது. ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில். ஏ4 தாள் பதினாறு சேர்ந்தால் ஒரு சதுர மீட்டர். ஆகவே ஜிஎஸ்எம் எண்ணை 16ஆல் வகுத்தால் ஒரு தாளின் எடை வந்துவிடும். 4க்கு 6 அங்குலத் தாளாக இருந்தால், 200 ஜிஎஸ்எம்மில் 100 தாள் சுமார் 310 கிராம். ஈரக்காற்றில் பேப்பர் நீரை உறிஞ்சும். எடை கூடுமே தவிரக் குறையாது. எனவே நம் தீவின் ஈரத்தில் எடை குறைந்து நின்றால் அது இன்னும் வலுவான சந்தேகம். ஓரிரு கிராம் வித்தியாசத்தை விட்டுவிடலாம், முப்பது கிராமை விட வேண்டியதில்லை.

குட்வில் எஸ்டேட் போன்ற அந்தமான் ஊரில் இருப்பவர்களுக்கு இந்தச் சின்னச் சோதனை அதிகம் உதவும். நாம் வாங்கும் பேப்பரும் இங்க்கும் மெயின்லேண்டிலிருந்து வருபவை. சென்னைக்கும் ஸ்ரீவிஜயபுரத்துக்கும் (2024 வரை போர்ட் பிளேர்) நடுவே சுமார் 1,360 கிலோமீட்டர் கடல் கிடக்கிறது. தவறான கட்டு வந்து சேர்ந்தால், மாற்றி வாங்குவதற்குள் குழந்தையின் பிறந்தநாளே கடந்துவிடும். அதனால் வாங்குவதற்கு முன் என்ன பார்ப்பது, வாங்கிய பின் எப்படிக் காப்பது, ஏமாந்தால் யாரிடம் கேட்பது என்ற மூன்றையும் இங்கே வரிசையாகப் பார்க்கலாம்.

ஒரே மினுமினுப்பு, இரண்டு ரகம்

கடையில் ‘ஹை கிளாசி’ என்று கிடைக்கும் பேப்பரில் பொதுவாக இரண்டு ரகம் உண்டு. மலிவானது காஸ்ட் கோட்டட். சாதாரண அட்டைத்தாளின் ஒரு பக்கத்தில் பூச்சு தடவி, சூடான, கண்ணாடிபோல் மழமழப்பான உருளையில் அழுத்தி மினுக்கம் ஏற்றியிருப்பார்கள். மற்றது ஆர்சி, அதாவது ரெசின் கோட்டட். தாளின் இரு பக்கமும் மெல்லிய பிளாஸ்டிக் படலம் இருக்கும். அதன் மேல் இங்க்கைப் பிடிக்கும் பூச்சு. பழைய ஸ்டூடியோ போட்டோவைத் தொட்டால் கையில் தட்டுப்படும் அதே உணர்வு.

கட்டில் ‘ஆர்சி’ என்று போட்டிருந்தால் ஒரு தாளின் மூலையைக் கிழித்துப் பாருங்கள். ஆர்சி தாளில் பிளாஸ்டிக் படலம் இழுபட்டு நீட்டிக்கொண்டு நிற்கும். காஸ்ட் கோட்டட் சாதாரண அட்டைபோல் நார் நாராகக் கிழியும். வருடத்துக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் இடத்தில் இந்த வேறுபாடு முக்கியம். காஸ்ட் கோட்டட் தாள் முதுகுப் பக்கமாக ஈரம் குடித்துச் சுருளும். சுருண்ட தாள் பிரிண்டரில் சிக்கும், இங்க் தீற்றும். ஆர்சி அவ்வளவு எளிதில் வளையாது.

ஆனால் எல்லாவற்றுக்கும் விலை கூடியதை வாங்க வேண்டும் என்று இல்லை. பள்ளி ப்ராஜெக்டுக்கும், விண்ணப்பத்தில் ஒட்டும் படத்துக்கும் காஸ்ட் கோட்டட் போதும். ஆல்பத்தில் நிற்க வேண்டிய படத்துக்கு ஆர்சி வாங்குங்கள். பேரன் பேத்தி பார்க்க வேண்டும் என்று நினைக்கும் நாலைந்து படங்களை, ஊருக்குப் போகும்போது வெள்ளி உப்புத் தாளில் படம் போடும் கலர் லேபில் கொடுத்து எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வேலைக்கு வீட்டு பிரிண்டரை நம்ப வேண்டாம்.

அளவிலும் ஒரு கண்ணி இருக்கிறது. பரப்பை வைத்துக் கணக்கிட்டால் ஒரு ஏ4 தாளில் நான்கு 4க்கு 6 படம் அடங்கும் போலத் தோன்றும். வெட்டிப் பார்த்தால் மூன்றுதான் வரும். ஏ4 மலிவு என்று வாங்குவதற்கு முன், ஒரு படத்துக்கு என்ன விழுகிறது என்று பாருங்கள். மாறாக, ஒரு 4க்கு 6 தாளில் 35க்கு 45 மில்லிமீட்டர் படம் எட்டு அடங்கும்.

‘நூறு ஆண்டு நிற்கும்’ என்றால் எங்கே?

படம் என்பது பேப்பர் மட்டும் இல்லை. இங்க், பேப்பர், காற்று மூன்றும் சேர்ந்ததே படம். இங்க்கில் சாய வகை, நிறமி வகை என இரண்டு உண்டு. சாயம் நீரில் கரைந்திருப்பது. பளிச்சென்று இருக்கும், நீர் பட்டால் கசியும். நிறமி நுண்துகள், ஈரத்தையும் வெயிலையும் கூடுதலாகத் தாங்கும். வீட்டு இங்க் டேங்க் பிரிண்டர்களில் கறுப்பு எதுவாக இருந்தாலும் வண்ணங்கள் பெரும்பாலும் சாய வகைதான். கட்டின் மேல் ‘வாட்டர்புரூஃப்’ என்று இருந்தால் அது பேப்பரைப் பற்றிய சொல். உங்கள் இங்க்கைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை.

இதற்கு உலகறிந்த பாடம் ஒன்று உண்டு. 2000ஆம் ஆண்டில் எப்சன் நிறுவனம் ஸ்டைலஸ் போட்டோ 870, 1270 என்ற பிரிண்டர்களை விற்பனைக்குக் கொண்டுவந்தது. படங்கள் பல ஆண்டு மங்காது என்று விளம்பரமும் செய்தது. ஆனால் அந்நிறுவனத்தின் கிளாசி பேப்பரில் போட்ட படங்கள் சில வீடுகளில் சில வாரங்களிலேயே ஆரஞ்சு நிறத்துக்குத் திரும்பின. காரணம் வெளிச்சம் இல்லை, காற்றில் இருந்த ஓசோன். பேப்பரின் பூச்சில் இருந்த நுண்துளைகள் இங்க்கைச் சட்டென்று உறிஞ்சி உலர்த்தின. அதே துளைகள் வழியே காற்றும் உள்ளே போய் நீலச் சாயத்தைத் தின்றது. வெளிச்சத்துக்குச் சோதித்தவர்கள் காற்றை மறந்திருந்தார்கள்.

இன்றும் ‘இத்தனை ஆண்டு’ என்ற வாக்குறுதிக்குப் பின்னால் ஒரு சோதனைக்கூடம் இருக்கும். அமெரிக்காவின் வில்ஹெல்ம் ஆய்வகம் நீண்ட காலமாகப் பின்பற்றும் முறை இது: கண்ணாடி போட்ட சட்டத்தில் படம், நாளுக்கு 12 மணி நேரம் 450 லக்ஸ் வெளிச்சம், 24 டிகிரி வெப்பம், 60 சதவீத ஈரப்பதம். நம் வீட்டுச் சுவரில் ஜூன் மாதத்தில் அப்படி ஒரு வானிலை இருக்குமா? மேலும், அந்த எண் ஒரு குறிப்பிட்ட இங்க்கும் ஒரு குறிப்பிட்ட பேப்பரும் சேர்ந்த ஜோடிக்கு மட்டுமே பொருந்தும். வேறு இங்க் ஊற்றிய மறுநாளே அந்த வாக்குறுதி செல்லாது. எனவே ‘100 ஆண்டு’ என்று பார்த்தால், எந்த இங்க்கோடு, எந்தச் சூழலில் என்று விற்பவரிடம் கேளுங்கள். நீங்களே சோதிக்கவும் வழி உண்டு: ஒரே படத்தை இரண்டு பிரதி எடுங்கள், ஒன்றை உறையில் மூடி வையுங்கள், மற்றதை ஜன்னலோரம் திறந்து வையுங்கள், ஒரு மாதம் கழித்து அருகருகே வைத்துப் பாருங்கள்.

கை தவறும் இடங்கள்

இங்க்ஜெட் போட்டோ பேப்பரை லேசர் பிரிண்டரில் ஒருபோதும் போடாதீர்கள். லேசர் பிரிண்டர் டோனரைச் சூட்டில் உருக்கி ஒட்டுவது. அந்தச் சூட்டில் பிளாஸ்டிக் படலம் உருகி உருளையில் ஒட்டினால் பேப்பரோடு பிரிண்டரும் போகும். லேசர் கிளாசி தாளை இங்க்ஜெட்டில் போட்டாலோ இங்க் உள்ளே இறங்காமல் மேலே வழிந்து நிற்கும்.

எந்தப் பக்கம் அச்சுப் பக்கம் என்று சந்தேகம் வந்தால், லேசாக ஈரமான விரலால் மூலையைத் தொடுங்கள்; ஒட்டிப் பிடிக்கும் பக்கமே அது. கணினியில் பேப்பர் வகையை ‘பிளெயின்’ என்று விட்டுவிடாமல் ‘போட்டோ கிளாசி’ என்று மாற்றுங்கள். நல்ல பேப்பரில் மோசமான படம் வருவதற்குப் பல வீடுகளில் இந்த ஒரு அமைப்புதான் காரணம்.

வெளியே வந்த படத்தை ஒரு நாள் முழுக்க, ஒன்றன் மேல் ஒன்று அடுக்காமல் உலரவிடுங்கள். சட்டத்தில் மாட்டும்போது கண்ணாடியில் படம் நேராகப் படாமல் நடுவே அட்டை விளிம்பு வையுங்கள். இல்லையென்றால் ஒரு மழைக்காலத்தில் படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும், பிரிக்க முடியாது. பிசின் தடவிய பக்கங்களில் படத்தை வைத்து மேலே பிளாஸ்டிக் மூடும் ஆல்பங்களைத் தவிர்த்து, பாலிபுரோப்பிலீன் உறை உள்ளவற்றைத் தேடுங்கள். மீந்த தாள்களை பிரிண்டர் தட்டிலேயே விடாமல் பழைய உறையில் போட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப் புகாத டப்பாவில் மூடுங்கள்.

சட்டம் உங்களுக்குக் கொடுத்திருப்பவை

சட்டமுறை எடையளவு (பொட்டலப் பொருட்கள்) விதிகள், 2011. கட்டின் மேல் தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளரின் பெயர், முகவரி, இறக்குமதி என்றால் எந்த நாடு, எத்தனை தாள், என்ன அளவு, மாதம், ஆண்டு, எல்லா வரியும் சேர்த்த எம்ஆர்பி, புகார் சொல்லத் தொடர்பு விவரம் ஆகியவை இருக்க வேண்டும். இவை எதுவும் இல்லாத வெறும் பிளாஸ்டிக் உறைக் கட்டு எவ்வளவு மினுமினுத்தாலும் கீழே வைத்துவிடுங்கள். தீவு என்பதாலோ கப்பல் கூலி என்பதாலோ எம்ஆர்பிக்கு மேல் ஒரு ரூபாய்கூடக் கடைக்காரர் வாங்கக் கூடாது.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019. இல்லாத தரத்தை இருப்பதாகச் சொல்லி விற்பது நேர்மையற்ற வணிக முறை. தராசில் தோற்ற ஜிஎஸ்எம் இதில்தான் வரும். பில் தராமல் இருப்பதும் அதே குற்றப்பட்டியலில் சேரும். குறையுள்ள பொருளை, பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பதும் அப்படியே. ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்று கடைச் சுவரில் எழுதியிருந்தாலும் குறையுள்ள பொருளுக்கு அந்த வரி செல்லாது.

மின்வணிக விதிகள், 2020. ஆன்லைனில் வாங்கினால், டெலிவரிக் கட்டணம் உள்பட மொத்த விலையையும் அதன் பிரிவுகளையும் முன்பே காட்ட வேண்டும். விளம்பரத்தில் சொன்ன தன்மை பொருளில் இல்லையென்றால் விற்பனையாளர் திரும்ப எடுக்க மறுக்க முடியாது. சொன்ன தேதிக்குத் தாமதமாக வந்தாலும் திருப்பலாம். புயலால் கப்பல் நின்றது போன்ற, எவர் கையிலும் இல்லாத காரணம் என்றால் மட்டும் இது பொருந்தாது. தளத்தின் குறைதீர் அலுவலர் உங்கள் புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும்.

ஏமாந்தால் என்ன செய்வது?

முதலில், மீதித் தாள்களைப் பத்திரமாக வையுங்கள். வழக்கு என்று வந்தால் நுகர்வோர் ஆணையம் மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்ப முடியும். எல்லாத் தாளையும் அச்சிட்டுத் தீர்த்திருந்தால் அனுப்ப எதுவும் இருக்காது. கட்டு தராசில் இருக்கும்போதே எடை தெரியும்படி ஒரு படம் எடுங்கள்.

இரண்டாவது, விற்றவருக்கு எழுத்தில் சொல்லுங்கள். வாட்ஸ்அப் செய்தியோ மின்னஞ்சலோ போதும். போனில் பேசியது காற்றோடு போகும்.

மூன்றாவது, 1915. தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலும் பேசலாம். முந்நூறு ரூபாய்ப் பேப்பருக்கு நீதிமன்றப் படி ஏறுவதா என்று தயங்குபவர்களுக்கு இது பொருத்தமான வழி. கட்டில் விவரம் இல்லை, எம்ஆர்பிக்கு மேல் விற்கிறார்கள் என்றால் சட்டமுறை எடையளவுத் துறைக்கு எழுதுங்கள். அங்கே உங்கள் முந்நூறு ரூபாய் திரும்பாமல் போகலாம். ஆனால் அடுத்தவர் முந்நூறு ரூபாய் தப்பும்.

நான்காவது, மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணமே இல்லை. வக்கீலும் கட்டாயம் இல்லை. விற்றவர் டெல்லியில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் இடத்திலேயே வழக்குப் போட 2019 சட்டம் வழி செய்திருக்கிறது. மனுவை இணையத்தில் தாக்கல் செய்யலாம், காணொளி வழியே விசாரணை கேட்கலாம். கப்பல் டிக்கெட்டுக்கு அலைபவர்களுக்கு இவை இரண்டும் பெரிய வசதி. வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட்டுவிட வேண்டும்.

கடைசியாக இரண்டு பழக்கங்கள்.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு ஆல்பமே இல்லாமல் போன வீடுகள் நம் தீவுகளில் எத்தனையோ. எந்தப் பேப்பரும் கடலை வெல்லாது. எனவே அச்சிட்ட படத்தின் மூலக் கோப்பை இரண்டு இடங்களில் வையுங்கள். அதில் ஒன்று தீவுக்கு வெளியே, மெயின்லேண்டில் உள்ள அக்கா வீட்டிலோ இணையச் சேமிப்பிலோ இருக்கட்டும்.

இன்னொன்று பில். இப்போது கடைகளில் தருவது பெரும்பாலும் வெப்பத்தால் எழுத்து விழும் வழவழப்பான துண்டுச்சீட்டு. சூட்டிலும் ஈரத்திலும் அது உங்கள் போட்டோவுக்கு முன்பே வெளுத்துவிடும். கடையை விட்டு இறங்குவதற்கு முன் அதையும் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.